வாசலில் நின்ற டிபன் கேரியர்

ராட்டினப் பூங்காவுக்குப் பேர்போன ஊருக்கு லீவில் வந்த குடும்பம் அது. பூங்கா வாசலில், அம்மா கையில் இருந்த டிபன் கேரியர் நடுங்கியது. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம்.

"உன்னை வாசல்லயே காவல்காரன் வாங்கி வெச்சிடுவான். சாயங்காலத்துக்குள்ள தேங்காய்ச்சாதம் ஊசிப்போயிடும்" என்றது தண்ணீர் பாட்டில்.

"சும்மா இரு! அம்மா விடியுமுன்னே எழுந்து, சாமி கும்பிட்டு, பிள்ளைங்களுக்குன்னு கிளறினாங்க."

வரிசையில் முன்னால் இன்னும் இரண்டே பேர். கேரியர் மெல்ல மூடியைத் தளர்த்தியது. உருளைக்கிழங்கு வறுவல் மணந்தது.

பெரியவன் திரும்பினான். "அம்மா, பசிக்குது. எதிர்ல ஏரிக்கரைக்குப் போயிடலாமா?"

சின்னவள் அதற்குள் ஓடியே விட்டாள்.

சாப்பிட்டு, தண்ணீரில் கல்லெறிந்தே பொழுது சாய்ந்தது. ராட்டினத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பயந்துட்டியா?" என்றது பாட்டில்.

"காலியான பிறகுதான் மூச்சே வந்துச்சு" என்றது கேரியர்.