டோபி மார்ஷ் வருகிறார்

வெள்ளிக்கிழமையோடு தன் வேலை போகப்போகிறது என்பது மிரியாமாவுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் ஃபெர்கஸுக்குத் தெரியாது.

தெரியாததால்தான் மேலாளர் ஐயா அவளுக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்திருந்தார். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பதில் ஃபெர்கஸை மிஞ்ச வெலிங்டனில் ஆள் கிடையாது.

கூட்ட அறையில் எதிரே ஜோசலின் உட்கார்ந்திருந்தார். தீவுகளுக்குப் படகு விடும் நிறுவனம் அவருடையது. பயணச்சீட்டு விற்கும் இணையதளத்தை வேறொரு கிளவுடுக்கு, அதாவது வாடகைக்குக் கிடைக்கும் வேறு கணினிகளுக்கு, இவர்கள் மாற்றித் தர வேண்டும். தளத்தைக் கட்டிய ஃப்ரேம்வொர்க் என்ற மென்பொருள் சட்டகமோ போன இடத்தில் தானாக ஓடாது. நடுவில் இரண்டையும் இணைக்கும் ஓர் அடாப்டர் நிரல் வேண்டும். எந்த அடாப்டர் என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

ஃபெர்கஸ் யோசிக்கவே இல்லை.

"கீயாங்கிற அடாப்டர்தான். மத்ததெல்லாம் குப்பை. டோபி மார்ஷ்னு ஒரே ஆள் தனியா உட்கார்ந்து எழுதியிருக்கார். மனுஷன் மேதை!"

அதோடு விட்டாரா? மிரியாமா பக்கம் திரும்பினார்.

"நீயும்தான் போன வருஷம் ஏதோ எழுதி எடுத்துட்டு வந்தே. இதைப் பார்த்துக் கத்துக்கோம்மா."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மிரியாமா அவர் வாங்கி வந்த காப்பியைத் தள்ளி வைத்தாள். அவள் எழுதி வந்ததில் இரண்டு வரிகூடப் படிக்காமல் தூக்கிப் போட்ட மனிதர் இவர். அன்று மூண்ட எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

ஜோசலின் சுலபத்தில் மசிகிறவர் இல்லை. "ஒரே ஆளா? நாளைக்கு அவர் சலிச்சுப்போய் விட்டுட்டுப் போனா என் பிழைப்பு என்ன ஆகும்?"

"அவரையே இங்க வேலைக்குக் கூப்பிட்டிருக்கேன். பதில் வரணும், அவ்வளவுதான்."

மிரியாமா மேசைக்கடியில் கைபேசியை எடுத்தாள். கூட்டத்தில் கைபேசியை நோண்டுகிறாள் என்று ஃபெர்கஸ் முறைத்தார். அவள் அவசரப்படாமல் முடித்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

ஃபெர்கஸின் மடிக்கணினி சிணுங்கியது. படித்தார். முகமெல்லாம் பல்.

"வர்றாராம்! திங்கட்கிழமையே வர்றாராம்!"

"அப்போ அவர் பேரையே ஒப்பந்தத்துல போட்டுடலாமே," என்றாள் மிரியாமா. "அவர் வரலைன்னா ஒப்பந்தம் ரத்துன்னு எழுதிட்டா இவங்களுக்கும் நிம்மதி."

"அட, இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே!"

அங்கேயே எழுதினார்கள். ஃபெர்கஸ் முதலில் கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார். அப்புறம் ஜோசலின் போட்டார்.

"வேற என்ன எழுதியிருக்கார் உங்க மேதை?" என்று கேட்டார் ஜோசலின்.

"அவ்வளவுதான்," என்று ஃபெர்கஸ் மடிக்கணினியை மூடினார்.

அவ்வளவுதான் இல்லை. கீழே இன்னொரு வரியும் இருந்தது.

'எனக்கு இடம் கொடுப்பதற்காக வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணை அனுப்பிவிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். அவளைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.'

மேசைக்கடியில் மிரியாமா அதிகம் யோசித்து எழுதியது அந்த வரியைத்தான். இவர் தூக்கிப் போட்ட அடாப்டருக்குக் கீயா என்று பெயர் வைத்து, எழுதியவர் என்று ஓர் ஆண் பெயரைப் போட்டு ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த நாளிலிருந்து, டோபி மார்ஷுக்கு வரும் கடிதங்களுக்கு அவள்தான் பதில் போடுகிறாள்.

வாசல்வரை போய் ஜோசலினை வழியனுப்பிவிட்டு ஃபெர்கஸ் திரும்பி வந்தார். இன்றைக்கு அவருக்கு யாரையும் பிடிக்கும் போலிருந்தது.

"மார்ஷ் வந்ததும் நீயும் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கலாம்மா."

"கண்டிப்பா," என்றாள் மிரியாமா. "வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."