முளைக்காத விதை

முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த விதைக் கம்பெனியின் புது சாஃப்ட்வேருக்கு அவள்தான் பொறுப்பு.

“இந்த மக்காச்சோள விதை முளைப்புச் சோதனையில ஃபெயில்னு உன் சாஃப்ட்வேர் காட்டுதும்மா. பாஸ்னு மாத்து, லாரி கிளம்பணும்.”

“மாத்தியும் பிரயோஜனம் இல்ல சார். முன்பதிவு செஞ்ச எல்லா விவசாயிக்கும் மெசேஜ் போயிடுச்சு. ‘இந்த விதை முளைக்காது, வாங்காதீங்க’ன்னு.”

அவர் மேஜையை ஓங்கி அறைந்தார். “தானா மெசேஜ் அனுப்புற மாதிரி எந்த மடையன் அதை எழுதினான்? அவன் சீட்டை இன்னிக்கே கிழிக்கிறேன்!”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அது தானா எதையும் அனுப்பாது சார். நீங்க எதுக்குக் கூப்பிடுறீங்கன்னு தெரிஞ்சதும், உள்ள வர்றதுக்கு முன்னாடி நான்தான் அனுப்பினேன்.”