பழுபாகல் பரீட்சை

குப்பியைத் திறந்ததுமே அரங்கநாதனின் பழுபாகல் கொடிப் பந்தலடியில் பாதி செலியமேட்டுக் கிராமமே கூடிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த, ஊரார் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே' என்று அழைக்கும் பயிர் அதிகாரி நாகராஜன், தொப்பியைக் கழற்றாமலே பழுபாகல் இலை ஒன்றைக் கசக்கிச் சாறு பிழிந்து, அதில் சிவப்பு மருந்து ஒரு சொட்டு விட்டார். சிவப்பு நின்றால் பெண் கொடி. வெளுத்துப்போனால் ஆண் கொடி; அது பூக்குமே தவிர ஆயுசுக்கும் காய்க்காது. பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம், சாற்றிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும் என்றார்.

இலைகள் அடுத்தடுத்து வெளுத்தன.

"காய்க்காதத புடுங்கிட்டு வேற நடவேண்டியதுதான்!" என்று அரங்கநாதன் மீசையைத் தடவிக்கொண்டு உரக்கச் சொன்னார். சொல்லும்போது கொடியைப் பார்க்கவில்லை. மோர் கொண்டுவந்த மனைவி தையலம்மாளைப் பார்த்தார்.

கட்டிக்கொண்டு எட்டு வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. வருகிற தையில் பாகூர்ப் பெண்ணைக் கட்டப்போகிறார், இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப்போகிறார். ஊருக்கே தெரிந்த சேதிதான். இருந்தாலும் அத்தனை பேர் நடுவில் அவளுக்கு உடம்பு கூசியது.

மருந்தின் பெருமை பேசும் உற்சாகத்தில் அதிகாரி வாயை விட்டார். ஐரோப்பாவில் மனித ரத்தத்திலும் இதைக் கலந்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்களாம். அங்கே வேட்டியும் புடவையும் கிடையாது போலும்.

தையலம்மாள் வேலிமுள்ளில் விரலைக் குத்திக்கொண்டு நீட்டினாள்.

சொட்டு விழுந்தது. சிவப்பு அப்படியே நின்றது. பெண்தான் என்றார் அதிகாரி. ரத்தம் வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீமை மருந்தாயிற்றே!

"அப்படியே எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு சொட்டு வுட்டுப் பாத்துடுங்க முசே."

சிவப்பு நின்றால் அவர் பெண்; வெளுத்தால் காய்க்காத கொடி.

அரங்கநாதன் மீசையிலிருந்த கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அதிகாரி ஊசியைத் தேடுவதற்குள், வாய்க்காலில் மடை உடைந்துவிட்டதென்று வரப்பில் இறங்கி ஓட்டமாக நடந்தார். வாய்க்காலில் அப்போது சொட்டுத் தண்ணீர் கிடையாது.

சாயங்காலமே பாகூருக்கு ஆள் போனது. ஜாதகம் பொருந்தவில்லையாம்.

ஒரு குப்பிக்குப் பயந்துவிட்டாரே என்று ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தையலம்மாளுக்கு முன்னால் கட்டியிருந்தவளையும் மலடி என்றுதான் அவர் தள்ளிவைத்தார். அவள் இப்போது அபிஷேகப்பாக்கத்தில் வேறொருவரோடு குடித்தனம் நடத்துகிறாள்.

போன வாரம்தான் அவளுடைய மூன்றாவது பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள்.