மாத்திரை டப்பாவுக்குள் இருந்த தாள்

அந்தத் தாளை அவள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில், அந்தத் தாள். நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை.

பத்து நிமிடம் முன்புதான் டாக்டர் அவளை உள்ளே உட்காரவைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். "டப்பாவுக்குள்ள ஒரு தாள் இருக்குமே, அதைப் படிக்கவே இல்லையா?" என்று கேட்டதற்கு, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பத்திரண்டு வயதில், கல்லூரி முடிக்கப்போகும் மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, கர்ப்பம். யாருக்குத்தான் தலை நிமிரும்?

ஸ்கேன் அறை காலியாகும்வரை அவளைத் தேற்றும் வேலையை நர்ஸ் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்தவர் கஷ்டம் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற ரகம் அவள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் அந்த விரல்கள் கண்ணில் பட்டன.

கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் சிவப்பு மை. வாசல் மேஜையில் கைநாட்டு வாங்கியிருப்பார்கள் போலிருக்கிறது. துடைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சுகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களே என்று நர்ஸுக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது.

"அந்தத் தாளை இப்படிக் கொடுங்கக்கா. நான் படிச்சுச் சொல்றேன்."

"வேணாம் சிஸ்டர்."

"இதுல என்னக்கா வெக்கம்? கொடுங்க." பதமாக வாங்கி, அவள் பார்க்காதபோது நேராகத் திருப்பிக்கொண்டாள். "இந்த மாத்திரை எதுக்குன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கர்ப்பப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளருதாம். மாசாமாசம் உயிர் போற வலி. ஒரு வருஷமா இதைச் சாப்பிடறேன். வலியும் போச்சு, மாசாமாசம் வர்றதும் வரல. அப்புறம் எப்படிக் கரு தங்கும்னு இருந்துட்டேன்."

"அங்கதான்க்கா நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. இது கருமுட்டையைத் தடுக்கலாம். ஆனா ஒவ்வொரு மாசமும் தடுக்கும்னு நம்பி இருக்க முடியாது. இதை வலிக்குத்தான் கொடுக்கறாங்க, கருத்தடைக்கு இல்ல."

அவள் கைக்குட்டையைக் கசக்கினாள். "வீட்டுக்காரர் அப்பவே கேட்டாரு சிஸ்டர், 'நாம ஜாக்கிரதையா இருக்க வேணாமா'ன்னு. நான்தான் பெரிய மேதாவி மாதிரி, இதுவும் ஹார்மோன், கருத்தடை மாத்திரையும் ஹார்மோன்னு சொல்லி அவர் வாயை அடைச்சேன். இப்ப வெளியே உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

"குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா? இத்தனை நாளா மாத்திரை உள்ள போயிருக்கே."

"அதான் நிறுத்தியாச்சே. ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொல்லுவாரு. இப்பவே கண்டதையும் நினைச்சுக் குழப்பிக்காதீங்க."

"மக முகத்துல எப்படி முழிப்பேன் சிஸ்டர்? 'எதையும் முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு'ன்னு அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தவ நான்."

பாவம், தான் படிக்காவிட்டாலும் மகளை எப்படி வளர்த்திருக்கிறாள் என்று நர்ஸ் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். தாளை மடியில் விரித்து, ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவதுபோல ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்து நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"'இந்த மருந்து கருத்தடை மாத்திரை அல்ல. சிகிச்சைக் காலத்தில் கருத்தரிப்பதைத் தவிர்க்க விரும்புவோர், ஹார்மோன் அல்லாத வேறு கருத்தடை முறையைப் பயன்படுத்த வேண்டும்.'"

நர்ஸ் வாசிக்க வாசிக்க அவள் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. முடிந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காதுவரை சிவந்திருந்தது.

"தடிச்ச எழுத்துலதான் போட்டிருக்கு" என்றாள் நர்ஸ். "ஆனா படிக்கத் தெரியாதது உங்க தப்பு இல்லக்கா. அதை டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா அவர் இவ்வளவு கத்தியிருக்க மாட்டாரு. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம் சிஸ்டர்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பதறிப்போய்த் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். வாங்கிய வேகத்தில் கை தன்பாட்டுக்கு அதை மறுபடியும் தலைகீழாகத் திருப்பியது.

"அக்கா..." நர்ஸ் தயங்கினாள். "தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"தெரியும். இப்படிப் பிடிச்சாத்தான் மனசு அர்த்தத்துல போகாது. எழுத்து மட்டும் கண்ணுல படும்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளோ தன் விரலில் இருந்த சிவப்பு மையைக் கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள், அது போகவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இது அச்சாகறதுக்கு முன்னாடி, நாலு தடவை பிழை திருத்தினதே நான்தான்."