மேடையில் துடைத்த கண்ணாடி

ஹத்தானோவை வேலையை விட்டு அனுப்பியே ஆகவேண்டும் என்பதில் அந்த ஒஸாகா கம்பெனியில் இரண்டு கருத்து இல்லை. கான்டீனில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள்கூட அதைத்தான் பேசினார்கள்.

எல்லோரையும்விட அதிகம் கொதித்தவள் நிஷிவாகி. விளம்பரப் பிரிவின் தலைவி. கெட்டுப்போனது அவளுடைய மேடை.

முந்தாநாள் சீபா நகரில் வீடியோ கேம்களின் ஆண்டுக் கண்காட்சி. ஏழாயிரம் பேர் கூடிய அரங்கில் கம்பெனியின் புது கேம் கன்சோல் அறிமுகம். அதற்கான முதல் விளையாட்டை உருவாக்கும் குழுவுக்குத் தலைவன் ஹத்தானோ. கையில் கன்ட்ரோலரோடு மேடையில் நின்று அவன் அதை ஆடிக் காட்ட வேண்டும்.

ஆடிக் காட்டுவது என்றால் ஆடுவது அல்ல. விளையாட்டு இன்னும் பாதிகூட முடியவில்லை. திரையில் ஓடியது முன்பே பதிவு செய்த படம். சினிமாவில் பாட்டுக்கு வாயசைப்பது மாதிரி இவன் விரலசைத்தால் போதும். அந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். யாரும் அதைப் பொய் என்று சொல்லிக்கொள்வதில்லை.

பாதியில் மனுஷன் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான். கைக்குட்டையை எடுத்து ஆற அமரத் துடைக்க ஆரம்பித்தான்.

திரையில் வீரன் அவன் பாட்டுக்கு ஓடினான். இரண்டு பள்ளங்களைத் தாண்டி, ஒரு டிராகனையும் வெட்டிச் சாய்த்தான்.

முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு அரங்கமே சிரித்தது. அடுத்து மேடையேறி, டிசம்பர் மூன்றாம் தேதி கடைக்கு வரும் என்று அறிவிக்க வேண்டிய முதலாளி உவெமுரா, அப்படியே பின்வாசல் வழியாகக் கார் ஏறிப் போய்விட்டார்.

இன்று காலை அவர் நிஷிவாகியைக் கூப்பிட்டார். இனி நிஜமாகக் கையால் ஆடிக் காட்டாமல் ஊர் நம்பாது. அதனால் வெளியீட்டை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன் என்றார். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"இனிமே கண்காட்சியும் வேண்டாம், மேடையும் வேண்டாம்மா. ஆபீஸ்லேர்ந்தே ஒரு வீடியோ விட்டா உலகமே போன்ல பாத்துக்குது. நமக்கு எதுக்கு இந்தத் தலைகுனிவு?"

நிஷிவாகி மன்றாடிப் பார்த்தாள். ஏழாயிரம் பேர் ஒன்றாகக் கைதட்டும் சத்தத்தைப் போன் கொடுக்குமா என்று கேட்டாள். பதினோரு வருடமாக அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மேடை அது. அவர் யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஹத்தானோவிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கு, உனக்குத் திருப்தி இல்லையென்றால் ஆளை அனுப்பிவிடலாம் என்று முடித்துவிட்டார்.

மாலை ஐந்தரைக்கு அவள் நான்காவது மாடிக்குப் போனாள். ஹத்தானோ மட்டும்தான் இருந்தான். குழுவினர் ராத்திரி அங்கேயே படுத்துத் தூங்க மேசைகளுக்கு அடியில் மாதக்கணக்காகக் கிடந்த தூக்கப் பைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க ஆளுங்க எங்கே?"

"வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஜூன் வரைக்கும் நேரம் இருக்கே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனி மேடையே வேண்டாம், வீடியோ போதும்னுட்டார் முதலாளி. என் மேடைக்குக் கொள்ளி வெச்சுட்டு இங்க பை சுருட்டறீங்களா? கண்ணாடி துடைக்க உங்களுக்கு வேற நேரமே கெடைக்கலயா?"

அவன் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். மன்னிப்புக் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

முறைப்படி கையால் எழுதியிருந்தான். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன வழி என்று மூன்று பகுதியும் இருந்தன. முதல் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதில் இப்படி இருந்தது: 'டிசம்பரில் முடியாது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மேடையில் தேதியைச் சொல்லிவிட்டால் தானாக முடிப்பீர்கள் என்று பதில் வந்தது. அந்த வாரம்தான் எங்கள் குழுவில் மியாபே என்ற பெண் மேசையிலேயே மயங்கி விழுந்தாள்.'

மூன்றாவது பகுதி இரண்டே வரி. 'முடியாத தேதியை அறிவிக்க என்னை மேடையேற்றாதீர்கள். ஏற்றினால் மறுபடியும் துடைப்பேன்.'

அந்தப் பதிலை எழுதியவள் நிஷிவாகிதான். காபி குடித்துக்கொண்டே தட்டி அனுப்பிய ஒரு வரி. அவளுக்கு முகம் சுட்டது.

"அப்ப, வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"மேடைங்கறதாலதான் செய்ய முடிஞ்சுது. வீடியோவா இருந்தா என் கையை யார் பாத்திருப்பா? எப்படியாவது பேசி, மேடையை மட்டும் விட்டுடாதீங்க, நிஷிவாகி மேடம்."

இத்தனை வருடமும் மேடை கைதட்டலுக்காகத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கடிதத்தை இன்னொரு தரம் படித்தாள். பிறகு அதைத் திருப்பி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"இது செல்லாது. இதை முதலாளிகிட்ட கொடுக்க முடியாது."

ஹத்தானோ தலையசைத்தான். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல மேசை டிராயரைக் காலி செய்யத் திரும்பினான்.

"டிராயரை அப்புறம் பாத்துக்கலாம். உக்காந்து திருத்தி எழுதுங்க. ஏன் நடந்துச்சுன்னா, கண்ணாடியில தூசி. இனிமே மேடை ஏறுறதுக்கு முன்னாலயே துடைச்சுக்கறேன்னு போடுங்க."

அவன் அவளையே பார்த்தான். "அப்ப டிசம்பர் தேதி? மியாபே?"

நிஷிவாகி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தானும் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியவ நான்தானே."