முதலில் யார் அடிப்பது?

"மொதல்ல யாரு சார் அடிக்கணும்? நாங்களா, அவங்களா?"

தெற்குக் குப்பத்து ஆதிநாராயணன் மூன்றாவது முறையாகக் கேட்டார். தலையில் ஜெர்மன் சிப்பாயின் இரும்புத் தொப்பி, கையில் கட்டைத் துப்பாக்கி. பின்னால் அதே வேஷத்தில் அவர் ஊர்க்காரர்கள் முப்பது பேர்.

உதவி இயக்குநர் ஹரிஷுக்கு ஒரே குஷி. இரண்டாம் உலகப் போரையே திருப்பிப் போட்ட நார்மண்டிக் கடற்கரைச் சண்டை. அதைப் பழவேற்காட்டுக் கரையில் நீயே தனியாக எடுத்துக்கொண்டு வா என்று டைரக்டர் அனுப்பியிருந்தார். நன்றாக வந்தால் அடுத்த படம் அவனுக்கு. சொதப்பினால் பழையபடி கிளாப் பலகைதான்.

"அவங்கதான் அண்ணே. படகுல வந்து குதிச்சு மொதல்ல அடிப்பாங்க. நீங்க தோத்துடுவீங்க."

"தோத்தா தோத்துட்டுப் போறோம். மொத அடி அவங்களுதுதானே? அப்பால மாத்த மாட்டீங்களே?"

"எப்படி மாத்துறது? சரித்திரமாச்சே!"

ஆதிநாராயணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் மாசிலாமணி ஹரிஷை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, டீக்கடையில சொன்னாங்க. ஏரியில யாரு எங்க வலை போடுறதுன்னு வடக்குக் குப்பமும் தெற்குக் குப்பமும் போன மாசம்தான் மண்டைய ஒடைச்சுக்கிட்டாங்களாம். அவங்க கையில போய் கட்டையைக் குடுத்திருக்கியே!"

"தெரிஞ்சுதான் சார் ரெண்டு ஊரையும் கூப்பிட்டேன். அப்பதான் மூஞ்சில நெஜக் கோபம் வரும்."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கடலில் மூன்று படகுகளோடு, அமெரிக்கச் சிப்பாய் வேஷத்தில் காத்திருந்த வடக்குக் குப்பத்து ஞானதாஸ்.

"சார், மொதல்ல யாரு அடிக்கணும்?"

"நீங்கதான்!"

"நாங்களா?"

"ஆமா! வந்த வேகத்துல போட்டுத் தாக்குங்க!"

ஃபோன் கட்டானது.

"பார்த்தீங்களா, ரெண்டு பக்கமும் எப்படித் துடிக்கிறாங்க!" என்றான் ஹரிஷ். மாசிலாமணி எதற்கும் இருக்கட்டும் என்று ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே டேக்தான்.

"ஆக்‌ஷன்!"

படகுகள் கரை தட்டின. வடக்குக் குப்பத்தார் முப்பது பேரும் ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கையெட்டும் தூரத்துக்கு வந்ததும், யாரும் தொடாமலே ஞானதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தார். பின்னாலேயே மற்றவர்களும் பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தார்கள். நார்மண்டியில் ஜெர்மனி ஜெயித்துவிட்டது.

"யோவ்! ஜெயிச்சதே நீங்கதான்யா! ஏன்யா செத்தீங்க?" ஹரிஷ் அழாத குறை.

ஞானதாஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"போன வாரம்தான் சார் ரெண்டு ஊரும் குந்திப் பேசி கையெழுத்து போட்டோம். எந்த ஊர்க்காரன் மொதல்ல கை ஓங்குறானோ, அந்த ஊரு ஒரு வருசத்துக்கு ஏரியில வலை போடக் கூடாது. அதான் அந்த ஆதிநாராயணன் காலையிலேர்ந்து இளிச்சிக்கினு நிக்கிறாரு. நீங்க இன்னாடான்னா, சாட்சிக்குக் கேமராவ வேற வெச்சிக்கினு எங்களை அடிக்கச் சொல்றீங்க!"