நாற்பத்திரண்டாம் பக்கம்

பாதிரியார் ஆம்ப்ரோஸ் வெல்பி எழுதிய புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில், கைம்பெண் அர்சுலா சாபமிட்டதால்தான் பக்கத்து வீட்டுப் பசு செத்தது என்று ஒரு வரி இருந்தது. அது அச்சில் வந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. உண்மையில் பசு தின்றது தேவாலயத்து யூ மரத்தின் நச்சுத் தழையை. கிளைகளைக் கழித்து மதிலுக்கு வெளியே எறிந்தவர் பாதிரியார்தான். அது அவருக்கு உறைத்த அன்றே மைக்கூட்டையும் இறகுப் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று மொழி படித்த மனிதர் சேற்றை மிதித்து வீடு வீடாகப் போய், ஊருக்குள் விற்ற முப்பத்தொன்பது பிரதிகளிலும் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் அச்சுப்பிழை என்றார்.

நாற்பதாவது பிரதி அர்சுலாவிடமே இருந்தது. வாசிக்கத் தெரியாதவள், அந்தப் பக்கத்தை மட்டும் சரியாகத் திறந்து வைத்தாள். அவர் பேனாவை நனைத்ததும் வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்கய்யா, அது இருக்கட்டும். மதிலுக்கு வெளிய தழை கெடந்ததை நானும் பார்த்தேன். யாரு போட்டதுன்னு பக்கத்துல எழுதுங்க."

பாதிரியார் ஓரத்தில், தழையைப் போட்டவன் என்று தன் முழுப் பெயரை எழுதினார். மை காய்ந்தது. அவர் மைக்கூட்டை மூடப்போனபோது அர்சுலா அதை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் பாதி இருக்கே."

பாதிரியார் அதை மூடாமலேயே வாங்கிக்கொண்டு, முதல் வீட்டை நோக்கி நடந்தார்.